அப்பாவின் காரை உடனே ஸ்டார்ட் செய்யச் சொல்லாதீர்கள்

பழைய கார் ஆர்வலர் குழுக்களின் ஒருங்கிணைப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நீங்கள் கூடும்போது கார்பரேட்டர், பெயிண்ட், டயர் என்று தொடங்கும் பேச்சு, இரண்டாவது டீ வருவதற்குள் வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. அம்பாசடர் புக்கிங்குக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது, பிரீமியர் பத்மினி டாக்ஸி ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது, வருஷம் தவறாமல் மாலை போட்டுக்கொண்டு அதே மாருதியில் மலைக்குப் போய் வந்தது. பலரும் இந்தப் பேச்சுக்காகத்தான் வருகிறார்கள், வரவும் வேண்டும். இந்த மடல், அந்தப் பேச்சின் முடிவில் யாராவது ஒருவர் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியத்தைப் பற்றியது: "ஒரு பேட்டரிய மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, அப்பா மனசு குளிரும்."

அன்பினால் சொல்வதுதான். ஆனால் எட்டு, பத்து வருஷம் அசையாமல் நின்ற வண்டிகள் பெரும்பாலும் நின்றதால் சாவதில்லை. அந்த முதல் 'செல்ஃப்'பில்தான் சாகின்றன.

ஏனென்று சொல்கிறோம். என்ஜின் நிற்கும்போது ஏதாவது ஒரு சிலிண்டரில் வால்வு திறந்தபடியே நிற்கும். அந்த வழியாக ஈரக்காற்று உள்ளே போகும். சிலிண்டர் சுவரில் ஒட்டியிருந்த ஆயில் சில மாதங்களிலேயே வழிந்து, என்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்கிவிடும். பிறகு பிஸ்டன் ரிங்கும் போரும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் குழல்) துருவால் ஒட்டிக்கொள்ளும். செல்ஃப் மோட்டார் அந்த ஒட்டலைப் பிய்த்துச் சுழற்றும்போது ரிங் உடையும், போரில் கோடு விழும். வால்வு அதன் கைடில் இறுகியிருந்தால், அதைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளையும். அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜினும் பத்மினியின் 1089 சிசி என்ஜினும் புஷ்ராடு என்ஜின்கள்தாம். சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஹெட்டைக் கழற்றி, போரிங் வரை போய் நிற்கும்.

முதலில் பானெட்டைத் திறந்து எலிக்கூடு தேடுங்கள். ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள்ளும், டேஷ்போர்டுக்குப் பின்னாலும், சீட் ஸ்பிரிங்குகளுக்கிடையிலும் பாருங்கள். கடித்த வயர் ஒன்று இருந்தாலும் பேட்டரியை மாட்டாதீர்கள். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த் இருக்கும், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும்; பழைய டெர்மினல் எப்படி மாட்டியிருந்தது என்று போட்டோ எடுக்காமல் புதுப் பேட்டரியை மாட்டுவது பெருந்தவறு.

பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு, ஒரு நாளாவது ஊறவிடுங்கள். இறுகியிருந்தால் மூன்று நாள். அப்புறம் கையால் சுற்றிப் பாருங்கள். பழைய அம்பாசடரில் ஸ்டார்ட்டிங் ஹேண்டில் போட வழி உண்டு. ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற நான்கு விரல்கள் இருக்கும் பக்கத்திலேயே இருக்கட்டும். சுற்றிப் பிடித்தால், என்ஜின் திருப்பி உதைக்கையில் எலும்பு முறியும். பிளக் கழன்றிருக்கும்போது உதைக்காதுதான், ஆனால் பழக்கத்தை அப்போதே பழகிக்கொள்வது நல்லது. ஹேண்டில் இல்லாத வண்டியை டாப் கியரில் போட்டு முன்னும் பின்னும் மெல்ல ஆட்டலாம், அல்லது கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போடலாம். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் சுற்றினால்தான் அடுத்த வேலை. நடுவில் தட்டி நின்றால் பலம் கொடுக்காதீர்கள், மறுபடி ஆயில் விட்டுக் காத்திருங்கள். மாருதி 800 போல டைமிங் பெல்ட் (வால்வுகளை இயக்கும் பெல்ட்) உள்ள வண்டியில், ஓடிய கிலோமீட்டரைப் பார்க்காமல் வயதைப் பார்த்து பெல்ட்டை மாற்றிவிடுங்கள்.

சம்ப்பிலுள்ள பழைய ஆயிலை இறக்கும்போது முதலில் வருவது தண்ணீரா என்று கவனியுங்கள். தண்ணீர் வந்தால் ஹெட் கேஸ்கட் சந்தேகம், அல்லது வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் பல இன்றும் ஷெட்டுகளில் நிற்கின்றன. வீட்டுக்காரர்களிடம் அந்தத் தேதிகளை நேராகக் கேட்டுவிடுங்கள். அம்பாசடர் பெட்ரோல் என்ஜினுக்கு ஏறத்தாழ 4 லிட்டர், 20டபிள்யூ-50 ஆயில் போதும். பிளக் போடாமல், காயில் வயரைக் கழற்றிவிட்டு, ஆயில் லைட் அணையும்வரை ஐந்தைந்து விநாடியாகச் செல்ஃப் அடியுங்கள். பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்தது அப்போதுதான் உறுதியாகும். அதன் பிறகு பிளக், சுமார் 0.6 மில்லிமீட்டர் இடைவெளி. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் முகத்தில் படிந்த பச்சையை மெல்லிய எமரியால் தேய்த்து, துடைத்து, 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள்.

பெட்ரோல் விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். டேங்க்கில் கிடக்கும் பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். அது கார்பரேட்டரில் பிசின் போலப் படிந்து, பெட்ரோல் வரவைத் திறந்து மூடும் நீடிலை ஒட்டவைக்கும். நீடில் திறந்தபடி ஒட்டினால் பெட்ரோல் பொங்கி, சூடான மேனிஃபோல்டின் மேல் வழியும். பழைய கார் தீப்பிடிப்பதற்கு இது முக்கியமான காரணம். ஆகவே முதல் ஸ்டார்ட்டுக்கு டேங்க்கை நம்பாதீர்கள். ஒரு லிட்டர் கேனிலிருந்து புது ஹோஸ் போட்டு பம்ப்புக்குக் கொடுங்கள், கேனை என்ஜினிலிருந்து தள்ளி வையுங்கள். பக்கத்தில் பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அந்தக் கால ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்பரேட்டர் வாஷர் எதுவும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, ஊறிப் பொடிந்துவிடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், நின்ற டேங்க்கின் அடியில் தண்ணீர் பிரிந்து துரு பிடிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்குங்கள், டயாஃப்ரத்தை மாற்றுங்கள். துருப்பிடித்த டேங்க்கை வெல்டிங்குக்குக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: காலி டேங்க் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது, உள்ளே இருப்பது ஆவி. ஆவியை நீக்கித் தண்ணீர் நிரப்பி வேலை செய்யத் தெரிந்த ரேடியேட்டர் ஒர்க்ஸ் ஆட்களிடம் மட்டும் கொடுங்கள்.

ஸ்டார்ட் ஆகிவிட்டால் எல்லோரும் கண்கலங்கி வண்டியைச் சுற்றி நிற்பார்கள். மூடிய ஷெட்டுக்குள் அப்படி நிற்க விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வண்டியைக் கையால் தள்ளி வெளியே கொண்டுவந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

என்ஜின் ஓடுகிறது என்பதற்காக வண்டி ஓட்டத் தகுந்தது என்றும் பொருளில்லை. பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து வீல் சிலிண்டரைத் துருவாக்கியிருக்கும். ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கியிருக்கும். மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடாது. மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர், எல்லா ஹோஸ்களிலும் ரப்பரைப் புதிதாகப் போடுங்கள். அந்த ரப்பரில் கிரீஸோ என்ஜின் ஆயிலோ பட்டால் ஊதிக்கெடும், பிரேக் ஆயிலையே தடவுங்கள். பிரேக் லைனில் புகுந்த ஏரை வெளியே எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்திலுள்ள சக்கரத்தில் தொடங்குங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு நின்ற வண்டியில் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும்; அட்ஜஸ்டரைத் தளர்த்தி, மரக்கட்டை வைத்துத் தட்டினால் விடும், சுத்தியலால் நேரே அடித்தால் டிரம் வெடிக்கும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கிறது. 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டை நன்றாக இருந்தாலும் பத்து வருஷம் தாண்டிய டயரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

இன்னொரு வழக்கம். அப்பா போன பிறகு அம்மாவோ மகனோ மாதம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷத்தில் நிறுத்துவார்கள், ஒரு விளக்கேற்றுவது போல. அந்த மனது நமக்குப் புரிகிறது. ஆனால் என்ஜின் சூடாகாமல் நிறுத்தினால் எரிந்த பெட்ரோலின் நீர் ஆயிலிலும் சைலன்ஸரிலும் தங்கிவிடும், பேட்டரியும் இழந்ததைத் திரும்பப் பெறாது. மாதம் ஒரு முறை 15, 20 கிலோமீட்டர் ஓட்டுங்கள். முடியாவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல் முறையாக நிறுத்துங்கள்: புது ஆயில் போட்டு, பேட்டரியைக் கழற்றி, ஹேண்ட்பிரேக்கை விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டில் ஏற்றி, பருத்தித் துணியால் மூடி. பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம், உள்ளே வியர்த்துத் துருவை வளர்க்கும்.

இத்தனையும் தெரிந்த குடும்பங்களிலும் வண்டி கெட்டுப்போகிறது. அதற்குக் காரணம் காகிதம்.

இந்தியாவின் முதல் மாருதி 800 எல்லோருக்கும் தெரிந்த கார். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி கையால் டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங் சாவி வாங்கினார். 2010இல் காலமாகும்வரை அவர் அதை விற்கவில்லை. அவருக்குப் பிறகு அந்தக் கார் வீட்டு வாசலிலேயே நின்று துருப்பிடித்த படத்தை நாடே பார்த்தது. பின்னாளில் மாருதி நிறுவனமே அதைச் சீரமைத்துத் தன் தலைமை அலுவலகத்தில் வைத்தது. அந்தக் குடும்பத்தைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. வீட்டுத் தலைவர் போன பிறகு வரும் இரண்டு வருஷத்தில் எந்த வீட்டிலும் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. ஆனால் உங்கள் உறுப்பினர்களின் கார்களுக்கு அந்த இரண்டாம் வாழ்வைத் தர யாரும் வரப்போவதில்லை. அம்பாசடர் செய்த உத்தரபாரா ஆலை 2014இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பத்மினி செய்த மும்பை குர்லா ஆலையும், சென்னைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு செய்த ஆலையும் இல்லை.

காகித விவரம் இது. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும். தந்தால், மூன்று மாதம் வரை வாரிசு அந்த வண்டியை ஓட்டலாம். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், ஆர்.சி. (பதிவுச் சான்று), இன்சூரன்ஸ், வாரிசுக்கான ஆதாரம் ஆகியவற்றோடு பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியும் இறந்த நாளிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் தேதி, எது முதலில் வருகிறதோ அதுவரைதான். துக்க வீட்டில் இதை யாரும் நினைக்க மாட்டார்கள். குழுதான் நினைவூட்ட வேண்டும், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு. உயிரோடு இருக்கும் உறுப்பினர்கள் ஆர்.சி.யில் நாமினி பெயர் சேர்த்துக்கொள்ள 2021 முதல் வழி இருக்கிறது. அடுத்த சந்திப்பில் எத்தனை பேர் சேர்த்திருக்கிறீர்கள் என்று கை தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்கு. அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இதற்கான கட்டணம் 5,000 ரூபாய், 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. பசுமை வரி தனி. பழைய ஆர்.சி. புத்தகத்தில் 'எச்.பி.' என்ற கடன் குறிப்பு நீக்கப்படாமல் இருந்தால் எல்லாம் அங்கேயே நிற்கும். அப்பா கடனை அடைத்திருப்பார், ஆனால் கடன் தீர்ந்ததைச் சொல்லும் படிவம் 35 வாங்கியிருக்க மாட்டார். கடன் தந்த நிறுவனம் வேறொன்றோடு இணைந்தோ மூடியோ போயிருக்கும். ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நாங்கள் கெஞ்சுவது இதற்காகத்தான்.

50 ஆண்டு தாண்டி, மூல வடிவம் மாறாத கார்களுக்கு 2021 ஜூலையில் வின்டேஜ் விதிகள் வந்தன. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். 1989க்கு முந்தைய எண்ணைப் பெயர் போலச் சொல்லிப் பழகிய வீடுகளுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் வின்டேஜ் பதிவு பெற்றால் அன்றாட ஓட்டம் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே. பேத்தியை அதில் பள்ளிக்கு அழைத்துப்போக ஆசைப்படுகிறவர் சாதாரணப் பதிவிலேயே இருக்கட்டும். எதற்கும், புத்தக ஆர்.சி.யைக் கார்டாக மாற்றக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். அதில் இருக்கும் கையெழுத்துகள் திரும்பக் கிடைக்காது.

அடுத்து, டேஷ்போர்டுப் பிள்ளையார். வேளாங்கண்ணி மாதா, 786, கண்ணாடியில் பாதி உரிந்த 'முருகன் துணை'. ரீஸ்டோரேஷன் என்று வண்டியைக் கொடுத்தால் பெயிண்டர் முதலில் சுரண்டி எறிவது இவற்றைத்தான். குழுவிலும் சிலர் 'கம்பெனியிலிருந்து வந்தபடி' இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். கண்காட்சிப் போட்டிக்கான காருக்கு அது சரி. குடும்பக் காரில் அந்தப் பிள்ளையார்தான் மூலப் பாகம். எங்கே, எந்தக் கோணத்தில் இருந்தது என்று அளவுகோல் வைத்துப் போட்டோ எடுங்கள். ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் சூடாக்கி மூலையிலிருந்து மெல்ல எடுத்தால் கிழியாமல் வரும். சிலை பதித்த ஸ்க்ரூ ஓட்டையைப் பட்டி போட்டு அடைக்க வேண்டாம் என்று வேலைச்சீட்டில் எழுதுங்கள்.

வழிபாடு நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, வண்டிக்கும் வலிக்காமல் செய்யலாம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த குங்குமம் வெள்ளை பெயிண்டில் நிரந்தரக் கறை. பொட்டு வைக்கும் இடத்தில் நிறமற்ற ஃபிலிம் ஒட்டி அதன்மேல் வையுங்கள். டயருக்கடியில் எலுமிச்சை வைப்பதில் கேடில்லை, பிழிந்த சாறு குரோம் பம்பரில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவுங்கள். எலுமிச்சை மிளகாயை இரும்புக் கம்பியில் கோத்துக் கட்டாதீர்கள், நூலில் கட்டுங்கள். மாலை கிரில்லை மறைத்தால் ரேடியேட்டருக்குக் காற்று போகாது, நார் ஃபேனில் சிக்கும். ஓட்டுவதற்கு முன் கழற்றிவிடுங்கள். கற்பூரத்தைப் பானெட்டின் மேல் ஏற்றவே ஏற்றாதீர்கள். தரையில் தட்டு வைத்து, பெட்ரோல் வாடை இல்லை என்று உறுதி செய்த பிறகு.

பணம் இல்லாதவர்களைப் பற்றி. சந்திப்புக்கு வருகிறவர்களில் பலர் வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வைத்திருப்பவர்கள். அவர்களிடம் பளபளப்பைக் காட்டி ஆசை மூட்டாதீர்கள். செலவின் வரிசை: பிரேக், டயர், பெட்ரோல் லைன், வயரிங், அடிப்பலகைத் துரு, கடைசியில் பெயிண்ட், சீட். பெயிண்டில் தொடங்கிய வண்டிகள்தாம் பாதியில் பிரித்தபடி நின்று, பாகம் பாகமாகக் காணாமல் போகின்றன. டிங்கரிங்குக்குக் கொடுக்கும்போது குரோம் பட்டை, கைப்பிடி, லைட் வளையம் எல்லாவற்றையும் எண்ணிப் பட்டியலெழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மூல ஆர்.சி.யை ஒர்க்‌ஷாப்பில் விட்டு வராதீர்கள். பட்டி எவ்வளவு தடிமன் என்று காந்தத்தை மெல்லிய துணியோடு வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி தடிமனாக இருக்கும், அல்லது தகடே இருக்காது.

மருத்துவச் செலவுக்காகவோ கல்யாணத்துக்காகவோ காரை விற்றுவிட்டேன் என்று ஒருவர் சொல்லும்போது, "ஐயோ, வித்துட்டீங்களா" என்று கேட்காதீர்கள். அந்த வண்டி கடைசியாகச் செய்த உதவி அது. இறப்பு நடந்த வீட்டில் விலை பேசும் வழக்கம் அதைவிடக் கொடியது. மூன்று மாதம் முடியும்வரை எந்த உறுப்பினரும் அந்தக் காருக்கு விலை சொல்லக் கூடாது என்று குழு விதியாகவே எழுதுங்கள். விற்கத்தான் வேண்டும் என்றால், பெயர் மாறிய பிறகே பணம் முடியட்டும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீடு அவர் தலையில்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது.

கதைகளைச் சேகரிக்கும் முறையையும் மாற்றுங்கள். மும்பையில் பத்மினி டாக்ஸிகளுக்கு வயது வரம்பு 20 ஆண்டு. கடைசியாக 2003 அக்டோபரில் பதிவான டாக்ஸியும் 2023 அக்டோபர் இறுதியில் சாலையை விட்டுப் போனது. வண்டிகளின் படம் ஏராளமாக இருக்கிறது. ஓட்டியவர்கள் எந்த வருஷம் எவ்வளவு வட்டிக்கு வாங்கினார்கள், நாளுக்கு எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள், கிளட்ச் பிளேட் எத்தனை மாதத்துக்கு ஒன்று போனது என்ற கணக்கு அந்த அளவுக்கு இல்லை. "எப்படி உணர்ந்தீர்கள்" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். என்ன விலை, முன்பணம் யார் தந்தது, எத்தனை வருஷம் காத்திருந்தீர்கள், முதலில் எந்தக் கோயிலுக்குப் போனீர்கள், பின் சீட்டில் யார் எந்தப் பக்கம், ரிப்பேராகி வழியில் நின்ற இரவில் யார் உதவினார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அம்மாவை அவர் எப்போதும் உட்காரும் சீட்டிலேயே உட்காரவைத்துக் கேளுங்கள். நாற்காலியில் வராத நினைவு அங்கே வரும். குரலைப் பதிவு செய்யுங்கள். பிறகு நூறு பக்க நோட்டு ஒன்றில் இடப்பக்கம் வண்டியின் கணக்கு, வலப்பக்கம் வீட்டின் கணக்கு என்று எழுதி, நோட்டை க்ளவ் பாக்ஸில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள். க்ளவ் பாக்ஸில் கிடக்கும் அப்பாவின் பழைய சர்வீஸ் குறிப்புகளையும் எலி தின்பதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

ஒருங்கிணைப்பாளர்களிடம் கேட்பது இது. ஆயுத பூசைக்கு ஒரு மாதம் முன்பு வரும் சந்திப்பை இதற்கென ஒதுக்குங்கள். அந்தக் காலையில் ராலி வேண்டாம். நின்றுபோன கார் உள்ள வீடுகளின் பட்டியலை எடுத்து, வீட்டுக்கு இருவர் என்று போங்கள்: ஒருவர் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர், மற்றவர் படிவம் நிரப்பத் தெரிந்தவர். எடுத்துப்போக வேண்டியவை: பிளக் ஸ்பேனர், அரை லிட்டர் ஆயில், டார்ச், ஒரு தீயணைப்பான், படிவம் 31 இரண்டு பிரதி. பேட்டரி எடுத்துப்போக வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய கார்களைப் பழுது பார்ப்பவர்களும், அவற்றின் காகிதங்களைப் பார்ப்பவர்களும்